குன்னூர் மலையில் தொடங்கிய சத்துக் கணக்கு

"கீரை சேர்த்துக்கோங்க, இரும்புச் சத்து ஏறும்" என்று டாக்டர் சொல்கிறார். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பினால் புரதம் இத்தனை கிராம், கொழுப்பு இத்தனை கிராம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. சர்க்கரை வந்த நம்மைப் போன்றவர்கள் அரிசியா கேழ்வரகா என்று பட்டியல் பார்த்துச் சாப்பிடுகிறோம். இந்த எண்களை எல்லாம் யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள் என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

நான் கேட்டாக வேண்டியிருந்தது. அளப்பதுதான் என் பிழைப்பு. கோவையில் ஒரு கல்லூரியின் உணவு, சத்துணவுத் துறை ஆய்வகத்தில் 1973ல் உதவியாளராகச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அரிசியையும் பருப்பையும் கீரையையும் எரித்தும் காய்ச்சியும் வடித்தும் காலம் தள்ளியவன் நான். அங்கே கற்றுக்கொண்டதையும், அந்த வேலை நம் நாட்டில் தொடங்கிய கதையையும் சேர்த்து இந்தப் பதிவில் எழுதுகிறேன். அது தொடங்கிய இடம் வெகு தூரத்தில் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஏறினால் வரும் நம்ம குன்னூர்தான்.

குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருப்பது எல்லோருக்கும் தெரியும். 1907ல் தொடங்கியது. நாய்க்கடி ஊசி என்றாலே அந்தக் காலத்தில் அந்தப் பெயர்தான் நினைவுக்கு வரும். சிம்ஸ் பார்க்குக்குப் போகிறவர்கள் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டேதான் போவார்கள். அதற்குள்ளே ஒரே ஓர் அறையில், 1918ல், ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பெரிபெரி என்ற நோயைப் பற்றிய ஆராய்ச்சி அது. இந்திய சத்துணவு ஆராய்ச்சியின் பிறந்த வீடு அந்த ஓர் அறைதான்.

பெரிபெரி என்பது இன்றைய தலைமுறைக்குப் பெயரே தெரியாத நோய். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடம்பு வீங்கி இதயம் நின்றுவிடும். ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்கு இதே போன்ற நோய் வருவதையும், தவிடு கொடுத்தால் குணமாவதையும் 1890களிலேயே கண்டிருந்தார். தவிட்டில் ஏதோ இருக்கிறது. அந்த 'ஏதோ' என்ன, எவ்வளவு என்பதுதான் அடுத்த கேள்வி.

மெக்காரிசன் புறாக்களை வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் சத்தை அளக்கும் கருவி உயிருள்ள பிராணிதான். தீட்டிய அரிசியையே சில வாரம் போட்டால் புறாவின் கழுத்து பின்பக்கமாக வளைந்து, நிற்க முடியாமல் விழுந்துவிடும். அந்தப் புறாவுக்குத் தவிட்டுச் சாற்றையோ வேறு உணவையோ கொடுத்தால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். எழுப்புவதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் அளவு. கொஞ்சம் போதுமானால் சத்து அதிகம், நிறைய தேவைப்பட்டால் சத்து குறைவு.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 1923ல் அரசாங்கம் சிக்கனம் என்று சொல்லி நிதியை நிறுத்திவிட்டது. இரண்டு வருடம் கழித்து 1925ல் மறுபடி உயிர் வந்தது. 1928ல் அது சத்துணவு ஆராய்ச்சிக் கூடங்கள் என்ற பெயரில் முழு நிறுவனமாக வளர்ந்தது. மெக்காரிசன் அதன் முதல் இயக்குநர்.

அவர் செய்த சோதனைகளில் மிகவும் பேசப்பட்டது எலிகளை வைத்துச் செய்தது. பஞ்சாபிச் சீக்கியரும், பட்டாணியரும், மராட்டியரும், வங்காளியும், நம் மதராஸ்காரரும் உடல்வாகில் வேறுபடுவது அன்றைய வெள்ளைக்காரர்களுக்கு 'இன' விஷயமாகத் தெரிந்தது. சீக்கியன் பலசாலி, மதராஸி பலவீனன், அது ரத்தத்திலேயே இருக்கிறது என்ற பேச்சு. மெக்காரிசன் ஒரே இனத்து எலிகளை எடுத்துப் பல கூட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பிரதேசத்து மக்கள் சாப்பிடும் உணவைக் கொடுத்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், முளைகட்டிய பயறு, காய்கறி என்று சீக்கியர் உணவைத் தின்ற எலிகளின் சராசரி எடை 235 கிராம். தீட்டிய அரிசியை முக்கியமாகக் கொண்ட மதராஸ் உணவைத் தின்ற எலிகள் 155 கிராம்தான். பட்டியலில் கடைசி இடம் நமக்கு.

இதைப் படித்தபோது எனக்கும் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் யோசித்துப் பாருங்கள், நமக்குக் கிடைத்த விடுதலை அது. எலி ஒரே எலி, மாறியது தட்டு மட்டும். பலவீனம் ரத்தத்தில் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. தட்டில் இருந்தால் மாற்றிவிடலாம்.

எதை மாற்றுவது என்று சொல்ல அளவுகள் வேண்டும். அந்த வேலையைச் செய்தவர் 1935ல் இயக்குநராக வந்த வாலஸ் அய்க்ராய்ட். அவரும் பெரிபெரியை அறிந்தவர். வட அமெரிக்காவில் நியூஃபவுண்ட்லாந்து தீவில், வெள்ளை மாவையே நம்பி வாழ்ந்த மீனவர்களிடம் அதே நோயைப் பார்த்துவிட்டு வந்தவர். அவருடைய காலத்தில் குன்னூர்க்காரர்கள் தராசைத் தூக்கிக்கொண்டு தென்னிந்தியக் கிராமங்களுக்குப் போய், வீட்டில் சமைப்பதற்கு முன் அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று நிறுத்துக் குறித்தார்கள். இன்னொரு பக்கம் ஆய்வகத்தில் நம் ஊர் உணவுப் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 1937ல் இந்திய உணவுகளின் சத்து மதிப்புப் பட்டியல் சிறு புத்தகமாக வந்தது. இன்று டாக்டரும் டயட்டீஷியனும் சொல்லும் எண்களின் வம்சாவளி அங்கிருந்து வருகிறது.

குன்னூரின் வேலையில் என் மனதுக்கு மிக நெருக்கமானது புழுங்கலரிசிக் கணக்கு. அதே சென்னை மாகாணத்தில், தெலுங்குக் கரையோரத்து வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. தமிழ் மாவட்டங்களில் அரிசியே பிரதானமாக இருந்தும் அந்த அளவுக்கு இல்லை. அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி, இங்கே பெரும்பாலும் புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் இருக்கும் பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். பின்னாளில் வந்த 1971 பட்டியலைப் பாருங்கள். 100 கிராம் மில் பச்சரிசியில் பி1 வைட்டமின் 0.06 மில்லிகிராம். மில் புழுங்கலரிசியில் 0.21. கைக்குத்தல் பச்சரிசியிலும் அதே 0.21. அதாவது நெல் அவிக்கும் அண்டா, உலக்கை செய்த நன்மையை மில்லிலும் காப்பாற்றிக் கொடுத்தது.

நம் பாட்டிமார் இதை வைட்டமின் என்று தெரிந்து செய்யவில்லை. நெல் உடையாது, பூச்சி அவ்வளவாக வராது, சோறு விரைவில் ஊசாது என்று செய்தார்கள். ஆனால் அவர்கள் செய்ததன் மதிப்பை எண்ணாக எழுதிக்காட்டியது குன்னூர்.

இனி ஆய்வகத்துக்குள் வருகிறேன்.

1937க்கு முன்னும் பின்னும் முறைகள் வேகமாக மாறின. ஜாவாவில் ஜான்சன், டோனாத் என்ற இருவர் 1926ல் தவிட்டிலிருந்து பி1 வைட்டமினைப் படிகமாகவே பிரித்தார்கள். பத்து வருடம் கழித்து அதே ஜான்சன், அந்த வைட்டமினை ஒரு ரசாயனத்தோடு சேர்த்தால் புற ஊதா ஒளியில் நீலமாக மின்னும் பொருளாக மாறுகிறது என்று காட்டினார். அதன் பிறகு புறா விழுந்து எழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீலம் எவ்வளவு மின்னுகிறது என்று பார்த்தால் போதும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆய்வகத்தில் இருந்தது இந்த முறைதான். இருட்டாக்கிய அறையில் அந்த நீலத்தை முதன்முதலில் பார்த்தபோது, சாணக் களத்தில் தூற்றிய தவிட்டுக்குள் இப்படி ஒரு வெளிச்சமா என்று நின்றுவிட்டேன்.

ஆனால் முதல் ஆறு மாதம் எனக்கு வைட்டமின் பக்கமே வேலை கொடுக்கவில்லை. எங்கள் மூத்த உதவியாளரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் முதலில் கற்றுக்கொடுத்தது பொருளை எடுப்பதை. ஒரு மூட்டை கேழ்வரகு வந்தால் மேலே இருப்பதில் ஒரு பிடி அள்ளிவிடக் கூடாது. பல இடத்திலிருந்து எடுத்து, தரையில் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை எடுத்து மறுபடி குவித்து, மறுபடி நாலாக்கி, கடைசியில் ஒரு கைப்பிடி மிஞ்ச வேண்டும். அந்தக் கைப்பிடிதான் மூட்டை முழுவதற்கும் பேசப் போகிறது. சோற்றுப் பதம் பார்ப்பதற்கு முன் பானையைக் கிளறிவிடுகிறோம் அல்லவா, அதே கதை.

பிறகு ஈரம். நிறுத்த மாவை நூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே அடுப்பில் வைத்து, எடை குறையாமல் நிற்கும் வரை திரும்பத் திரும்ப நிறுக்க வேண்டும். அடுத்து சாம்பல். மஃபிள் ஃபர்னஸில் 550 டிகிரியில் எரித்தால் மிஞ்சுவது தாது உப்பு. கொழுப்புக்கு சாக்ஸ்லெட் என்ற கண்ணாடி அமைப்பு, 1879லிருந்து இருப்பது. ஈதர் கொதித்து ஆவியாகி, குளிர்ந்து பொருளின் மேல் சொட்டி, எண்ணெயைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். மணிக்கணக்கில் அதுவே நடக்கும்.

புரதத்துக்குக் கெல்டால் முறை. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்த்த யோஹான் கெல்டால் 1883ல் கண்டுபிடித்தது. பீருக்கு வாங்கும் பார்லியில் புரதம் எவ்வளவு என்று அறிவதற்காகப் பிறந்த முறை, உலகம் முழுவதும் அரிசிக்கும் பருப்புக்கும் பரவிவிட்டது. நீண்ட கழுத்துக் குடுவையில் ஒரு கிராம் மாவு, அடர்ந்த சல்ஃப்யூரிக் ஆசிட், கொஞ்சம் மயில்துத்தமும் உப்பும். சூடு ஏற்றினால் முதலில் தார் போலக் கறுக்கும். நேரம் போகப் போக பழுப்பாகி, கடைசியில் கண்ணாடி போலத் தெளிந்து இளம் பச்சையாகும். அதில் காஸ்டிக் சோடா விட்டு வடித்தால் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியே வரும். அதைப் பிடித்து ப்யூரெட்டில் ஆசிட் சொட்டு விட்டு அளக்க வேண்டும். கிடைத்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கினால் புரதம். அரிசிக்கு 5.95.

கண்ணும் மூக்கும் எரியும் வேலை அது. அதிலும் அண்ணன் ஒரு குடுவையில் மாவே போடாமல், மற்ற எல்லாவற்றையும் போட்டுக் காய்ச்சச் சொல்வார். "தம்பி, முதல்ல பிளாங்க் போடு. அப்புறம் அரிசியப் போடலாம்" என்பார். ஆசிட்டிலும் தண்ணீரிலும் இருக்கும் நைட்ரஜன் எவ்வளவு என்று அந்த வெறும் குடுவை சொல்லும். அதைக் கழித்தால்தான் அரிசியின் கணக்கு சுத்தமாகும். நாம் கொண்டு வந்த அழுக்கை முதலில் கணக்குப் பார்த்துவிட்டுப் பிறகு அடுத்தவரை அளக்க வேண்டும் என்பதை நான் கற்றது அந்தக் குடுவையிடம்தான்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கெல்டால் புரதத்தை அளப்பதே இல்லை. நைட்ரஜனை அளந்து, அது புரதத்திலிருந்துதான் வந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறது. நல்ல பொருளுக்கு இந்த நம்பிக்கை போதும். கெட்ட எண்ணம் உள்ளவனுக்கு இது திறந்த கதவு. 2008ல் சீனாவில் அதுதான் நடந்தது. தண்ணீர் கலந்த பாலில் மெலமின் என்ற பிளாஸ்டிக் தொழில் ரசாயனத்தைச் சேர்த்தார்கள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனையில் புரதம் சரியாகவே காட்டியது. அந்தப் பால் பவுடரைக் குடித்த சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன, 6 குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தன. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குடுவை பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொன்னது.

மாவுச்சத்தின் கதை இன்னும் வேடிக்கை. பழைய பட்டியல்களில் அதை யாரும் நேராக அளக்கவில்லை. ஈரம், புரதம், கொழுப்பு, சாம்பல், நார் எல்லாவற்றையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. மற்ற ஐந்தில் எங்கே பிசகினாலும் பாரம் இதன் தலையில் விழும். வீட்டுக் கணக்கில் 'இதர செலவு' என்று எழுதுகிறோமே, அது மாதிரி.

நெல்லிக்காயின் வைட்டமின் சி உங்களுக்குத் தெரிந்த விஷயம். 100 கிராமில் 600 மில்லிகிராம் என்று பழைய பட்டியலில் இருந்தது. அப்போதைய முறையில் ஒரு நீலச் சாயத்தை வைத்து அளப்போம். சாறு சாயத்தின் நிறத்தைப் போக்கும், போக்குவது நின்றதும் இளஞ்சிவப்பு தங்கும். பதினைந்து விநாடி அந்த நிறம் நின்றால் அளவை எழுதலாம். ஆனால் சாயத்தின் நிறத்தைப் போக்கக் கூடிய பொருள் வைட்டமின் சி மட்டுமில்லை, நெல்லிக்காயின் துவர்ப்புச் சத்துகளும் அதைச் செய்யக் கூடியவை. 2017ல் ஹைதராபாத்திலிருந்து வந்த புதிய பட்டியல், நாட்டை ஆறு பகுதிகளாகப் பிரித்து 528 உணவுகளைப் புதிய கருவிகளால் அளந்தது. அதில் நெல்லிக்காய் 252தான். காயின் ரகம், விளைந்த மண் எல்லாம் மாறியிருக்கலாம், ஆனால் முறை மாறியதும் ஒரு காரணம். பாதிக்கும் கீழே இறங்கியும் ஆரஞ்சைவிடப் பல மடங்கு மேலேதான் நிற்கிறது நம் நெல்லி.

கீரையின் இரும்புதான் மனிதரைத் தொடும் கணக்கு. 1971 பட்டியலில் முளைக்கீரைக்கு 100 கிராமில் 25.5 மில்லிகிராம், பாலக்கீரைக்கு 10.9. 1989ல் திருத்திய பதிப்பு வந்தபோது முளைக்கீரை 3.49 ஆனது, பாலக்கீரை 1.14 ஆனது. ஏழில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு. கீரை மெலிந்துவிடவில்லை. இலையில் ஒட்டிய செம்மண்ணில் இரும்பு, காற்றுத் தூசியில் இரும்பு, அரைக்கும் கருவியில் இரும்பு. இத்தனையையும் விலக்கி இலையின் சொந்த இரும்பை மட்டும் பிடிப்பது மிகக் கடினம். அதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் கீரையைக் குழாய்த் தண்ணீரில் அலசி, பிறகு வடிநீரில் பல முறை அலசி, இரும்புக் கத்தியே படாமல் கிள்ளி எடுப்போம். கண்ணாடிப் பாத்திரங்களை முந்தின நாளே ஆசிட்டில் ஊறவைப்போம். பார்ப்பவர்களுக்கு அது வெட்டி வேலையாகத் தெரியும்.

வெட்டி வேலை இல்லை என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். ரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கு "தினம் கீரை சாப்பிடு, போதும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 25.5 என்ற எண்ணை நம்பினால் அது நியாயமாகவே தோன்றும். 3.49 என்ற எண்ணைப் பார்த்தால் போதாது என்று புரியும். அதிலும் கீரையின் இரும்பில் சிறு பங்குதான் உடம்பில் சேர்கிறது. 1970லிருந்தே அரசாங்கம் கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரை கொடுத்துவருவது அதனால்தான். கீரை வேண்டும், மாத்திரையும் வேண்டும். உங்கள் வீட்டில் பேத்தியோ மருமகளோ மாத்திரையை ஒதுக்கிவைத்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

குன்னூர்க் கூடம் 1958ல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. 1969ல், பொன்விழாவின்போது, தேசிய சத்துணவு நிறுவனம் என்று பெயர் மாறியது. அய்க்ராய்ட் அதற்கு வெகு முன்பே ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பில் சத்துணவுப் பிரிவின் முதல் இயக்குநராகப் போய்விட்டார். மலையில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. அங்கே ஓர் அறையில் நம் சோற்றுக்குக் கணக்கு தொடங்கியது என்பது போகிற வருகிறவர்களுக்குத் தெரியாது.

எண் மாறிக்கொண்டே இருக்கிறதே, அப்படியானால் பட்டியலை நம்பலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நம்பலாம் என்றுதான் சொல்வேன். தன் பழைய எண்ணைத் தானே அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதும் புத்தகத்தை நம்பாமல் வேறு எதை நம்புவது? வாட்ஸ்அப்பில் "இந்த இலையில் பாலைவிட நாற்பது மடங்கு கால்சியம்" என்று வந்தால் மட்டும், யார் அளந்தது, எப்படி அளந்தது, காய்ந்த பொடியையா பச்சை இலையையா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

கேழ்வரகைப் பற்றி எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான். 100 கிராமில் 344 மில்லிகிராம் கால்சியம், மில் பச்சரிசியில் 10. அதற்குத் தனிப் பதிவே வேண்டும். அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் உங்கள் வீட்டில் நெல் அவித்த அனுபவம் யாருக்காவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். எத்தனை நேரம் ஊறவைத்தார்கள், ஒரு அவியலா இரண்டு அவியலா என்ற விவரத்தோடு எழுதுங்கள். அதுவும் ஒரு முறைதானே.